மடிக்கு எத்தனை மார்க்

கோட்டைக்குள் எங்கள் தெருவில் மடி பார்க்கிற வீடுகள் இப்போது இரண்டோ மூன்றோதான். மடி என்றால், குளித்துவிட்டு, தனியே உலர்த்திய துணியைக் கட்டிக்கொண்டு, சாப்பாடு ஆகிறவரை வேறெதையும் தொடாமல் இருக்க வேண்டும். ஆபீஸ் நாட்களில் நானே அதற்கு டிமிக்கி கொடுத்துவிடுவேன்.

அதனால் என் பதிமூன்று வயது மகள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குளித்து, துண்டு கதவில் பட்டுவிட்டதென்று மறுபடியும் குளித்தபோது எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "இந்தக் காலத்துல எந்தக் குழந்தை இப்படி மடி பாக்கறது?" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அளந்தேன். அவள் கூப்பிடும்போதெல்லாம் துவைத்த துண்டு ஒன்றை நீட்டினேன். விரல் இடுக்குகள் வெடித்து ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகத் தோன்றியது. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

அங்கே கையைப் பார்த்த டாக்டர் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்; அவர் ஒரு இளம்பெண். கையில் கேள்வித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யம் முதல் நாலு வரை மார்க். பூஜ்யம் என்றால் தொந்தரவே இல்லை, நாலு என்றால் ரொம்ப மோசம். கழுவுவதிலும் குளிப்பதிலும் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எங்கள் ஊர்ப் பாஷையான மலையாளத்தில் கேட்டார்.

மகள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். அரை மணி இருக்கும், எங்கள் வீட்டில் இதெல்லாம் பழக்கம்தான் என்றேன். ஒன்று என்று எழுதினார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு மகளிடம் திரும்பி, குளித்து முடிந்தது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"தலையில ஜலம் விட்டா ஆச்சு. இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு, சொல்லேன்டி," என்றேன் மகளிடம்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"உனக்கு ஆயிடும்மா. எனக்கு ஒரு நாளும் ஆகல்லே. குழாயைத் தொறந்து விட்டுண்டு அழுவேன். நீ அடுத்த துண்டோட வந்து நிப்பாய்."

ஆலோசகருக்குத் தமிழ் புரிந்திருக்க வேண்டும். எழுதியதை அடித்துவிட்டு, நேரத்தை அவளிடமே கேட்டார். நாலு மணி நேரம் என்றாள். மூன்று மார்க் விழுந்தது.

கடைசியாக, இதற்கு வீட்டில் யாராவது துணை போகிறார்களா, எந்த அளவுக்கு என்று கேட்டார்.

"ஆருமில்ல," என்றாள் மகள் மலையாளத்தில், சட்டென்று. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆலோசகர் பூஜ்யம் போடப் போனார்.

"நான்தான்," என்றேன். "நாலு போடுங்கோ."