சர்வீஸுக்குப் போன என் கேமரா

இன்று காலை மரக்காணத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுப் பெண் என்னையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, நம்ம கேமரா குரூப்புல எல்லாருக்கும் பதில் போடுறது நீங்கதானே?"

பெருமையாகத் தலையாட்டினேன்.

அவள் உப்பளத்தில் கூலி வேலை செய்தவள். காதுகுத்து, வளைகாப்புக்குப் படம் எடுத்துப் பிழைக்கலாம் என்று நினைத்து, முதல் டிஎஸ்எல்ஆர் கேமராவை எப்போது வாங்கலாம் என இதே குரூப்பில் என்னிடம் கேட்டிருக்கிறாள்.

"தீபாவளிக்கு வெல கொறையும்னு சொன்னீங்க. அப்புறம் புது மாடல் வருது, வெயிட் பண்ணுன்னீங்க. ரெண்டு சீசன் உப்பு வாரிக்கினே வெயிட் பண்ணேன்க்கா."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. எனக்குத்தான் கூசிப்போயிற்று.

"போன மாசம் பழசு ஒண்ணு வாங்கிட்டேன். இன்னிக்குக் கீழ்புத்துப்பட்டுல ஒரு காதுகுத்து," என்று மடியிலிருந்த பையைத் தட்டினாள். "நீங்க எந்த கேமராக்கா வச்சிருக்கீங்க?"

"சர்வீஸுக்குக் குடுத்திருக்கேன்," என்றேன்.

"வந்ததும் படம் போடுங்கக்கா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

தங்கச்சி, இதை நீ படிப்பாய். என்னிடம் கேமராவே கிடையாது. விலை குறையட்டும் என்று நாலு வருடமாக ரிவ்யூ மட்டும் படித்துக்கொண்டிருக்கிறேன். அதை வைத்துத்தான் உன்னையும் காக்க வைத்தேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. மன்னித்துவிடு.

மற்றவர்கள் இனி என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். நான் எப்போது வாங்கலாம் என்று, நிஜமாகவே படம் எடுப்பவர்கள் யாராவது கீழே சொல்லுங்கள். வெயிட் பண்ணு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.