இடித்த அறைக்கு ஒளிய வந்தவர்கள்

எங்கள் தீவு நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த மாதமே நசினு நகரத்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டு நியூசிலாந்து கிளம்ப முடிவெடுத்தோம். வாங்குகிறவர் கார் நிறுத்த இடம் கேட்டதால், வீட்டுக்கு அடியில் இருந்த அறையை என் கணவரே சம்மட்டியால் இடித்தார். முந்தைய கலவரத்தில் தெருவே ஒளிந்திருந்த அறை அது.

சுவர் சரிந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு சரோஜா பிள்ளைகளோடும் சோற்றுப் பானையோடும் ஓடிவந்தாள்.

"அக்கா, சுடுறானுங்க! ரூமைத் தொறங்க!"

பின்னாலேயே மூன்று குடும்பங்கள். புழுதி அடங்கியதும் சம்மட்டியோடு என் கணவர் தெரிந்தார்.

"நான்தான்" என்றார்.

சரோஜாவுக்குக் கோபம் பொங்கியது. "நீங்க கெளம்பிடுவீங்க. நாங்க எங்க ஒளியறது?"

என் கணவர் சம்மட்டியைக் கீழே போட்டார். அவள் கொண்டுவந்த சோற்றை எல்லோருமாக இடிபாட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இப்போது ஆக்லாந்தில் ஓர் ஆணி அடிப்பதானாலும் நான்கு வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறேன். ஏனென்று அவர்களுக்கு விளங்குவதில்லை.