வேறு மரத்து இலை

மகள் பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். மலேரியா ஒட்டுண்ணியைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, எந்தச் செடியின் சாறு அதைக் கொல்கிறது என்று பார்க்கும் வேலை. தீபாவளிக்குக் கிள்ளானுக்கு வந்தவள், எங்கள் வீட்டுப் பின்சந்தில் நின்ற வேப்பமரத்தில் ஒரு பை இலை பறித்துப் போனாள். அந்தச் சாறு பட்டு ஒட்டுண்ணிகள் செத்தன. அதற்குப் பிறகுதான் எனக்கு அடிக்கடி போன் வர ஆரம்பித்தது.

"அப்பா, அதே மரம்தான் வேணும். வெயில்ல காயப் போடாதீங்க, நிழல்ல போடுங்க."

மனைவி இறந்த பின் வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு அழைப்பு. பெரும்பாலும் இலையைப் பற்றித்தான் கேட்பாள்; வைக்கும் முன் மட்டும் "எப்படிப்பா இருக்கீங்க" என்பாள். இருந்தால் என்ன, குரல் அவளுடையதுதானே. ஹாலில் பழைய செய்தித்தாளை விரித்து இலையைக் காயவைத்து, கூரியரில் அனுப்பிவிட்டு, பெரிய விஞ்ஞானி மாதிரி வீட்டுக்கு நடந்து வருவேன்.

ஒரு காலையில் பக்கத்து வீட்டுக்காரர் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார். "இலை விழுந்து லோங்காங் அடைக்குது லா, அங்கிள். சாக்கடைத் தண்ணியே போக மாட்டேங்குது" என்றார்.

மகளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் போன் நின்றுவிடும் என்று பயந்தேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பந்திங் சாலையோரம் நின்ற ஒரு வேப்பமரத்து இலையைப் பறித்து அனுப்பினேன். மரத்துக்கு மரம், மண்ணுக்கு மண் சத்து மாறும் என்று அவள் பலமுறை சொல்லியிருந்தாள். வேப்பிலை வேப்பிலைதானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அந்தச் சாறு வேலை செய்யவில்லை. மகள் அளவை மாற்றினாள், கரைசலை மாற்றினாள், மறுபடி மறுபடி செய்தாள். இப்போது தினமும் போன். "எங்க தப்பு பண்றேன்னே தெரியலப்பா" என்பாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷமும் கூடவே இருந்தது. மூன்றாவது வாரம் அவள் அழுதாள். முதல் முடிவே பிழையாக இருக்கும், விட்டுவிடு என்று அவளுடைய மேலதிகாரி சொல்லிவிட்டாராம்.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நல்லா சாப்பிடுறேன், கூட்டாளிங்க வந்து போறாங்க, ஒரு குறையும் இல்லன்னு சொல்வீங்களே. அதுவும் இப்படித்தானாப்பா?"

வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.