கடலில் விடாத வேட்டி

காலை 5.40. பேரையூரிலிருந்து மதுரைக்குப் பேருந்து ஏறினோம், நானும் மதினியும். மதினியின் மடியில் மஞ்சப்பை. அதற்குள் அண்ணனின் அஸ்தியும், அவர் கடைசியாகக் கட்டியிருந்த வேட்டியும். எங்கள் ஊர்க் கண்மாயின் மடையைத் திறந்து அடைப்பவராக இருந்தவர் அண்ணன். போய்ச் சேர்ந்து பதினெட்டு நாள் ஆகிறது.

"வேட்டிய மறக்காமக் கடல்ல விட்டுரணும் தம்பி. குறை வச்சா அவருக்கு நிம்மதி இருக்காது" என்று மாட்டுத்தாவணியில் பேருந்து மாறும்வரை மதினி மூன்று முறை சொல்லிவிட்டார். அங்கே தேநீர் பதினைந்து ரூபாய், வெறும் வெந்நீர். பிறகு ஏறக்குறைய நூற்று எழுபது கிலோமீட்டர். பாம்பன் பாலத்தில் ஏறியதும் மதினி முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். "ஆத்தி, எம்புட்டுத் தண்ணி!"

பதினொன்றரைக்கு இராமேசுவரம். அஸ்தியைக் கரைத்து, மூழ்கி எழுந்தோம். மதினி வேட்டியை நனைத்து விடப்போனபோது, பக்கத்தில் கரையேறிய ஒரு பெண் கையை நீட்டித் தடுத்தார். கடல்பாசி எடுப்பவர். மறுகையில் கறுத்துப்போன துணிக்குவியல், அப்போதுதான் அடியிலிருந்து இழுத்து வந்தது.

"யக்கா, கோவிச்சுக்காதீக. அத விடாதீக."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "சாவுக் காரியத்துல குறுக்க வாரீகளே! இம்புட்டுக் கடலுக்கு ஒரு வேட்டி பாரமா?"

"ஒண்ணாண்ணே? வாரவுக அம்புட்டுப் பேரும்ல விடுறாக. அடியில புல்லு வயக்காடாட்டம் கெடக்கு. மீன்குஞ்சு அதுலதான் வளருது, கடல்பசு அதைத்தான் மேயுது. துணி மூடுனா வெயில் படாம அழுகிரும். நைலான்னா இழை இழையாப் பிஞ்சு மீன் வயித்துக்குள்ள போகுது."

அறுபது வயதுவரை கடல் என்றால் உப்புத் தண்ணீர் என்று மட்டுமே நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வேட்டியைத் திரும்பக் கொண்டுபோனால் மதினியின் மனசு ஆறுமா?

மதினி அந்தக் கறுத்த துணிக்குவியலைத் தொட்டுப் பார்த்தார். "மடையில ஒரு சாக்கு கெடந்தா உங்க அண்ணே என்ன ஆட்டம் ஆடுவாரு? இத இங்க போட்டா என்னையத்தான் வைவாரு" என்று வேட்டியைப் பிழிந்து பைக்குள் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே பேரு என்னக்கா?" என்று கேட்டார் அந்தப் பெண். சொன்னோம். கடலைப் பார்த்துக் கும்பிட்டு, "சின்னச்சாமி அண்ணன நல்லாப் பாத்துக்க, தாயி" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு இன்றுவரை நன்றி சொல்லி மாளவில்லை.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக் கொடியில் வேட்டி உப்புப் பூத்துக் காய்ந்தது. தெருவில் போனவர் நின்று கேட்டார்: "ஏத்தா, கடல்ல விடலையா?"

"அங்கயும் மடை காக்க ஒருத்தி இருக்கா" என்றார் மதினி. "விடமாட்டேன்னுட்டா."