இரண்டாவது முகம்

நான் வேலை செய்யும் ஓட்டல் கூடத்தில் கல்யாணமும் நடக்கும், கம்பெனிக் கூட்டமும் நடக்கும். நாற்காலி போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை. யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று நான் கவனிப்பதில்லை. அன்று கவனித்தேன். வாசல் பலகையில் இருந்த கம்பெனி முத்திரை என் மனைவியின் மாத்திரைப் புட்டியிலும் இருந்தது.

அவளுக்குச் சர்க்கரை. மூன்று வருடமாக இரண்டு பாதமும் எரிகிறது. க்யிம்யிண்டைங் பேட்டையில் ஒரு கிளினிக்கில் அந்தக் கம்பெனியின் புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு, யாருக்கு எது என்று நர்ஸுக்கே தெரியாது என்றார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டோம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நர்ஸ் ஓர் அட்டையை நீட்டுவாள். அதில் வரிசையாக ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கும், ஆறாவது அழும். வலி எப்படி இருக்கிறதென்று ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். நான்காவதைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரி நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதித் தருவேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். முதல் தடவை மட்டும் நான்காவதைத் தொட்ட என் மனைவி, பிறகு ஒவ்வொரு தடவையும் இரண்டாவது முகத்தைத் தொட்டாள். வெளியே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் பாதத்தை நீட்டுவாள்.

ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு காபியெல்லாம் கலந்து குடுக்குது. அது முன்னாடி அழுவுற மூஞ்சியத் தொட எனக்கு ஆனாதெ."

எதிரில் இருப்பவர் மனம் சங்கடப்படுமே என்று கூசுவதற்குப் பர்மியர் வைத்திருக்கும் சொல் அது. தமிழ் பேசும்போதும் நாங்கள் அதையேதான் சொல்வோம்.

அன்று கூடத்தில் அந்தக் கம்பெனியில் பணம் போட்டவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். திரையில் அதே ஆறு முகங்கள். கம்பெனித் தலைவர் பர்மிய மொழியில் மெல்லப் பேசினார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் இடைமறித்தார்.

"சுத்தி வளைக்காதீங்க ஸயா. வலி கொறஞ்சுதா, இல்லியா?" ஸயா என்றால் ஐயா.

"கொறஞ்சுது. மருந்து சாப்பிட்டவங்களுக்கும் கொறஞ்சுது, மாவு சாப்பிட்டவங்களுக்கும் அதே அளவு கொறஞ்சுது. வித்தியாசம் இல்ல. அதனால நிறுத்துறோம்."

"அப்ப மாவையே விக்கலாமே. மொஹிங்காக் கடைக்காரந்தான் நமக்குப் போட்டி."

மொஹிங்கா என்றால் அரிசி மாவில் பிழிந்த சேவைக் குழம்பு. சிரித்தார்கள். தலைவர் நான் ஊற்றிய தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "ரெண்டு பக்கமும் ஏன் ரெண்டாவது மொகத்தையே தொட்டாங்கன்னு எங்களுக்கே புரியல" என்றார்.

கூஜாவோடு அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்குப் புரிந்தது. நாற்பது பேர் முன்னால் வாயைத் திறக்கிற ஆள் இல்லை நான். அவர் டம்ளரை நிரப்பிவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன். கோபமோ வருத்தமோ வரவில்லை. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கினேன்.

மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கக் கடைசியாக ஒருமுறை கிளினிக்குக்குப் போனோம். அறையில் பாதிப் பெட்டிகள் கட்டியாகிவிட்டது. நர்ஸின் கண் வீங்கியிருந்தது. அந்த மாதத்தோடு அவளுக்கும் வேலை இல்லையாம். அன்றும் காபி கலந்து கொடுத்தாள். பிறகு அட்டையை நீட்டினாள்.

என் மனைவியின் விரல் இரண்டாவது முகத்துக்குப் போனது. அது தொடுவதற்குள் நான் கையை நீட்டி ஐந்தாவதைத் தொட்டேன்.

நர்ஸ் அவளைப் பார்த்தாள். அவள் காபியைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நெசமாவா? எப்பலேருந்து?"

"மொதல்லேருந்து" என்றேன் நான்.

"ஊலே, இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே." ஊலே என்றால் மாமா.

"ஆனாதெ" என்றேன்.

அந்தச் சொல்லுக்கு நர்ஸுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஐந்து என்று எழுதினாள். ஒரு கட்டிய பெட்டியைப் பிரித்து, சீட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, நரம்பு டாக்டருக்கு எழுதித் தந்தாள்.

பஸ்ஸில் என் மனைவி சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இறங்கும் இடம் நெருங்கும்போது கேட்டாள்.

"அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்றேன். பார்த்திருந்தேன்.