இமெல்டா மிஸ் சொல்லும் மூன்றாவது விஷயம்

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கிட்டங்கிக்கு வெள்ளையடித்து, வாசலில் துருப்பிடித்த பீரங்கி ஒன்றை நிறுத்தி, நூதனசாலை என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். துறைமுகத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்காம். எங்கள் பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவது என் தலையில் விழுந்த வேலை. களப்பயணம் என்ற அழகான சொல்லைக் கண்டுபிடித்தவர், ஒரு வகுப்புப் பிள்ளைகளோடும் அவர்களுடைய சாப்பாட்டுப் பெட்டிகளோடும் காலி வீதி என்ற பெருவீதியின் நெரிசலில் ஒருநாளும் அகப்பட்டிருக்க மாட்டார். வத்தளையிலிருந்து வரும் பிள்ளைகள் வேறு, காலையில் இந்தப் பக்கத்தால்தானே பள்ளிக்கூடம் வந்தோம் என்று என்னைக் குற்றவாளி போலப் பார்ப்பார்கள்.

இருந்தும் அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் இமெல்டா அக்கா.

அவருடைய பதவி கல்வி நிகழ்ச்சி உதவியாளர். குட்டையான உருவம், பூப்போட்ட கவுண், தெருமுனையில் நிற்கும் முச்சக்கர வண்டியை வீட்டுக்குள் இருந்தே கூப்பிடக்கூடிய குரல். பிறந்தது நூதனசாலைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. கணவர் ஒஸ்வால்ட் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர். இமெல்டா அக்கா இந்த வேலைக்கு முன் ஒரு கப்பல் கம்பனியில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தார். முதலாளி எதிரே இருந்து கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்க, “சேர் வெளிய போயிட்டார்” என்று மணிக்கணக்காகச் சொல்லிப் பழகிய நாக்கு அது. கம்பனி மூடப்பட்டதும் நாக்கு நூதனசாலைக்கு வந்தது.

வந்த புதிதில் அவரும் மற்றவர்களைப் போல் ஆண்டுகளையும் ஆளுநர்களையும் ஒப்புவித்தாராம். ஒருநாள் ஒரு பையன் தூணில் சாய்ந்து குறட்டை விட்டிருக்கிறான். அன்று வந்த கோபத்தில்தான் விளையாட்டு தொடங்கியது.

“ஒவ்வொரு சாமானுக்கும் மூணு விசயம் சொல்லுவேன். ரெண்டு உண்மை, ஒண்ணு பொய். பொய்யைக் கண்டுபிடிச்சா சத்தம் போடக் கூடாது, மூக்கைத் தொடணும். சரியாச் சொன்னா டொபி.”

அதன் பிறகு அங்கே யாரும் தூங்கியதில்லை. கறுவாப்பட்டை நிறுக்கும் தராசின் முன்னால் நிற்பார். “இதுல கறுவா நிறுத்தாங்க. களவாக் கறுவா வித்தவனுக்குக் கடுமையான தண்டனை குடுத்தாங்க. புதுவருசத்துக்கு ஆளுநர்ட பொஞ்சாதியையும் இதுலதான் நிறுத்தாங்க.” பிள்ளைகள் அநேகமாகத் தண்டனைக் கதையைத்தான் பொய் என்பார்கள். கறுவாவுக்காக யாராவது மனிதனை வதைப்பார்களா என்று கேட்பார்கள். “அதுதான் பிள்ளைகள் உண்மை” என்று அவர் சொல்லும்போது ஹாலில் ஒரு அமைதி வரும். என்னுடைய பாடப்புத்தகத்தால் அந்த அமைதியை ஒருநாளும் கொண்டுவர முடிந்ததில்லை.

“இவ்வளவு பொய் சொல்லுறீங்களே அக்கா, கோயிலுக்குப் போற ஆள் நீங்கள்” என்று ஒருமுறை சீண்டினேன்.

“பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன் டீச்சர். ஃபாதர் சிரிச்சிட்டார். அவர் சிரிச்சா அது பாவத்துல சேராது.”

வினை போன வருடம் வந்தது. என் வகுப்புச் சாருஜா, விடை சொல்லும் நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போய்விட்டாள். கரைக்குக் கிட்ட வந்த திமிங்கிலங்களுக்கும் ஒல்லாந்தர் வரி போட்டார்கள் என்ற செய்தியோடு வீட்டுக்குப் போனாள். அவளுடைய அப்பா சட்டத்தரணி. மகள் சொன்னதை நம்பி, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், சாப்பாட்டுக் கடை ஒன்றில், தன் சகாக்களுக்கு இலங்கை வரிச் சட்டத்தின் வரலாறு என்று அதை விளக்கியிருக்கிறார். பிறகு பல நாட்கள் அவரைக் கண்டவர்களெல்லாம் “திமிங்கிலம் வரி கட்டிட்டுதோ?” என்று கேட்டார்களாம். மனிதர் நூதனசாலைக்கு ஒரு நீண்ட முறைப்பாடு அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் நவரத்தினம் புதிய பணிப்பாளராக வந்திருந்தார். வெள்ளவத்தைக்காரர், கெட்டவரல்ல, ஆனால் முறைப்பாடு என்றாலே வியர்ப்பவர்.

இந்த வருடம் நாங்கள் பஸ்ஸால் இறங்கியபோது இமெல்டா அக்கா பீரங்கிக்குப் பக்கத்தில் முகம் வாடி நின்றார்.

“இந்த மாசத்தோட சரி டீச்சர். பிள்ளைகளுக்குக் காதுல மாட்டுற கருவி வந்திருக்கு, அதுவே கதை சொல்லுமாம். என்னைச் சாமான் அறையில தூசு தட்டச் சொல்லிட்டார் புதுப் பணிப்பாளர்.”

“நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லையோ?”

“வேணாம்னு கெஞ்சிப் பார்த்தேன். பிள்ளைகள் வராத அறையில நான் என்ன செய்ய? கேக்கல. இன்னைக்கு அவரும் கூட வாறார். ஒரு பொய்கூட வாயில வரக் கூடாதாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் நாலு கேள்வி கேட்கக் கிளம்பினேன். பிள்ளைகள் முன்னால் வேண்டாம் என்று அக்காதான் என் கையைப் பிடித்தார்.

பணிப்பாளர் சொன்னபடி இமெல்டா அக்கா அன்று உண்மையை மட்டுமே சொன்னார். சிக்கல் என்னவென்றால், என் பிள்ளைகள் அக்காமாரிடமும் அண்ணாமாரிடமும் விளையாட்டைக் கேட்டுப் படித்துக்கொண்டு வந்திருந்தார்கள். இது கறுவாத் தராசு என்றார், நாலு பேர் மூக்கைத் தொட்டார்கள். இது கப்பல் விளக்கு என்றார், பத்துப் பேர் தொட்டார்கள். அவர் இல்லை இல்லை என்று தலையாட்ட, அவர்கள் இன்னும் உன்னிப்பாகப் பார்த்தார்கள். நவரத்தினம் என் காதருகே குனிந்தார்.

“டீச்சர், நல்ல அமைதியான பிள்ளைகள். ஆனா எல்லாருக்கும் மூக்குக் கடிக்குது. தூசு கூடிப்போச்சு போல.”

“கூடிப்போச்சுத்தான் சேர்” என்றேன்.

கடைசியில் ஹாலில் இருத்தி எல்லாருக்கும் மீன் வைத்த மாலு பாண் கொடுத்தார்கள். பணிப்பாளர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“உங்கட இமெல்டா மிஸ் கனகாலம் நிண்டு நிண்டு களைச்சுப்போனா. அதால அடுத்த மாசம், தன்ர சொந்த விருப்பத்தில, சாமான் அறைப் பொறுப்புக்குப் போறா.”

வகுப்பு முழுக்க மூக்கைத் தொட்டது.

“இங்கயும் தூசோ?” என்றார் அவர்.

கொட்டாஞ்சேனைச் சாமினி எழுந்தாள். “தூசு இல்ல சேர். பொய் சொன்னா மூக்கைத் தொடணும். நீங்க இப்ப சொன்னது பொய்.”

வகுப்பாசிரியை என்ற முறையில் நான் அவளை அதட்டியிருக்க வேண்டும். பஸ் நிற்கிறதா என்று யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மிஸ், சரியா?” என்று சாமினி இமெல்டா அக்காவைக் கேட்டாள்.

அவர் மாலு பாண் தட்டோடு நின்றார். முதலாளிமாரைக் காப்பாற்றி எத்தனையோ பொய் சொன்னவர். இன்னும் ஒன்று சொல்லியிருந்தால் குடி முழுகியிராது.

“இன்னைக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னு சேர்தான் சொன்னார்” என்றார். “அதனால சொல்றேன். சரிதான் பிள்ளைகள். எனக்குப் போக விருப்பமில்ல.”

நவரத்தினத்துக்குக் காது சிவந்துவிட்டது.

“ஏன் சேர் அனுப்புறீங்க?” என்றாள் சாமினி.

பதில் சொல்ல வாயெடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்தார். எல்லாக் கைகளும் தயாராக இருந்தன.

“ஒரு அப்பா முறைப்பாடு எழுதினவர். எனக்குப் பயமாப் போச்சு” என்றார். ஒரு கையும் அசையவில்லை. “கருவியும் வாங்கியாச்சு.” அதற்கும் அசையவில்லை.

“கருவி மிஸ்ஸை விட நல்லமா சேர்?”

“ஓம்” என்றார்.

கைகள் மூக்குக்குப் போயின. அவர் பாவம், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

“இல்லை” என்றார். கைகள் இறங்கின.

“அப்ப மிஸ் எங்களோட இருப்பாங்களா?”

“இருப்பா.”

இமெல்டா அக்கா தட்டை மேசையில் வைத்துவிட்டு அழுதார். பிள்ளைகள் நவரத்தினத்தின் முகத்தை வலமும் இடமும் சாய்ந்து பரிசோதித்தார்கள். பின்வரிசையில் ஒருவன் மட்டும் கையைத் தாடைவரை தூக்கி, யோசித்து, கீழே இறக்கினான். மற்றவர்கள் அதற்குள் மாலு பாணைக் கடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.