ஒரே கையெழுத்தில் இரண்டு மனுக்கள்

எங்கள் பிளாக்கில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை, மாடிப்படி விளக்கு எரியவில்லை, ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க வேண்டும், எதுவானாலும் சரி. வெள்ளைத்தாளை அவர்களே கொண்டு வருவார்கள். தாள் நிறைய எழுத வேண்டும். பாதித் தாளில் முடித்தால் முகம் சுருங்கிவிடும். கேட்டவருக்கு எழுதித் தரமாட்டேன் என்று சொல்லக்கூடாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்து வெளியே வந்தவன் நான் ஒருவன்தான், அதற்கு இந்த வேலை என்று நானே வைத்துக்கொண்டேன்.

அரசு கட்டிக் கொடுத்த அந்தக் குடியிருப்பில் எங்களுக்குத் தரைத்தளத்தில் வீடு. நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு இஸ்திரி வேலை. காலையில் பிளாக்கின் மேற்குப் பக்கம் நிழலாக இருக்கும், அங்கே தள்ளுவண்டியை நிறுத்திக்கொள்வார். கடற்கரைப் பக்கம் புல்வார் சாலை ஓட்டல்களில் பரிமாறுகிற பையன்களின் வெள்ளைச் சட்டைகள்தான் அதிகம் வரும்.

அந்த வெள்ளைச் சட்டைகள்மேல்தான் தண்ணீர் விழுந்தது. முதல் மாடியில் இருந்த அக்கா வராந்தாவிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கீழே கவிழ்த்துவிட்டார். ஒருநாள் என்றால் கைதவறி என்று விடலாம். வாரத்தில் மூன்று நாள் கை தவறுமா?

"மேல இருக்கறவங்களுக்குக் கண்ணு இல்லியா?" என்று அம்மா கத்துவார்.

"கீழ இருக்கறவங்களுக்கு இருக்குதா?" என்று மேலிருந்து பதில் வரும்.

நான் காலை ஆறு மணிக்கே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவேன். இந்தக் கச்சேரியெல்லாம் சாயங்காலம் அம்மா சொல்லித்தான் தெரியும். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குடியிருப்பு வாரிய ஆபீசுக்கு ஒரு மனு எழுதினேன். 'பொதுநலனுக்குக் குந்தகம்', 'தக்க நடவடிக்கை', எனக்குத் தெரிந்த பெரிய சொற்களையெல்லாம் அதில் இறக்கினேன். அம்மா கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு கதவைத் தட்டினார்கள். திறந்தால் மேல்வீட்டு அக்கா, கையில் இரண்டு வெள்ளைத்தாள். அம்மா கடைக்குப் போயிருந்தார்.

"தம்பி, ஒரு மனு எழுதணும்."

"யார் மேலக்கா?"

"உங்க அம்மா மேலதான்."

அக்கா சாவகாசமாக வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா முழிக்கிற? தாளு நான் கொண்டாந்துட்டேன். உன்னை வுட்டா இந்த பிளாக்குல யாரு எழுதறாங்க? எழுதிக்கோ. டெய்லி ஏழு மணிக்கு உங்க அம்மா கொட்டாங்குச்சிய வெச்சுக் கரி பத்த வெக்கிறாங்க. புகை மொத்தமும் எங்க ஊட்டுக்குள்ள வருது. எங்க ஊட்டுக்காரருக்கு வீசிங். ராவெல்லாம் கடல்ல கெடந்துட்டு வந்து படுக்கற மனுசன், எழுந்து உக்காந்து இருமிக்கினு கெடக்கறாரு. அதான் தண்ணிய ஊத்தி அணைக்கிறேன்."

"வந்து சொல்லியிருக்கலாமே அக்கா."

"உங்க அம்மா வாய்க்கு எதுர்ல வந்து நிக்கவா? அதுக்கு ஆபீசு மேலு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த நேரத்தில் நான் ஒருநாளும் அங்கே நின்றதில்லை, அவ்வளவுதான். எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் ஒரு விஷயம் உறைத்தது. அம்மா வண்டி போட்டிருப்பது குடியிருப்பு இடம், அனுமதி எதுவும் கிடையாது. இந்த மனுவைப் பார்த்து ஆபீசில் வண்டியை எடு என்று சொல்லிவிட்டால் அம்மா எங்கே போய் நிற்பார்? பேனாவை மூடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் தண்ணீருக்கு முழுத் தாள் எழுதியவன், ஒரு மனிதர் மூச்சு விட முடியவில்லை என்றால் எழுதமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எழுதினேன். வண்டி என்ற சொல்லையே தொடாமல் புகையை மட்டும் எழுதினேன். படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன். "ம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். "பெத்த தாய் மேலயே எழுதிக் குடுத்துக்கினு வந்து நிக்கிறான் பாரு" என்றார். அதற்குப் பிறகு நான்கு நாள் சோறு மட்டும்தான் போட்டார், பேச்சு இல்லை.

ஐந்தாம் நாள் வாரிய அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்ததால் நான் லீவு போட்டேன். அவர் வண்டியருகே வந்து இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே. யாருப்பா எழுதினது?"

"நான்தான் சார்."

"இது?"

"அதுவும் நான்தான் சார்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். "பர்மிஷன் இல்லாம வண்டி போட்டிருக்கீங்க. முதல்ல இத எடுத்துடுங்கம்மா, ரெண்டு மனுவும் முடிஞ்சிடும்."

அம்மா இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே நின்றார். அந்த வாய்க்கு முதல்முறையாகப் பேச்சு வரவில்லை. அதற்குள் அக்கா படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

"சார், நில்லு சார். வண்டிய எடுக்கச் சொல்லி நான் எங்க எழுதினேன்? பொகையத்தான எழுதினேன். படிச்சுப் பாரு. அவங்க பொழப்பு எதுக்குப் போவணும்?"

"வண்டி இங்க இருந்தா புகை வரத்தானேம்மா செய்யும்?"

"காலையில காத்து கரையிலேர்ந்து கடலுக்குப் போவும் சார். நாங்க குருசுக்குப்பத்துல பொறந்தவங்க, எங்களுக்குத் தெரியாதா? இந்தாண்ட பத்த வெச்சா ஊட்டுக்குள்ள வரும். பில்டிங்குக்கு அந்தாண்ட பத்த வெச்சா கடலுக்குப் போயிடும். கரி செவந்தப்புறம் ஏது பொகை? பெட்டியில போட்டு இந்தாண்ட தூக்கியாந்து தேச்சுக்கட்டும்."

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அம்மா அக்காவைப் பார்த்தார்.

"இத முன்னாடியே வாயத் தொறந்து சொல்றதுக்கின்னா?" என்று அம்மாவுக்குக் குரல் திரும்பி வந்தது.

"நீ சொல்ல வுட்டாதான?"

சமரசமாகிவிட்டது, இரண்டு மனுக்களையும் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் வண்டி விஷயத்தைத் தான் எழுதப்போவதில்லை என்றார் அதிகாரி. அதை எழுதியதும் நான்தான். இரண்டு பேரும் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். கிளம்பும்போது அவர் என் தோளைத் தட்டி, "அந்தப் புகை மனு நல்லா எழுதியிருந்தப்பா, படிச்சதும் கிளம்பி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாராட்டை அதோடு விட்டிருக்கலாம். அம்மா காதில் விழுந்துவிட்டது.

"அவளுக்கு எழுதினது நல்லா இருந்துச்சாமே?"

"அது வந்துமா, உனக்குக் கோவத்துல எழுதினேன். அவங்களுக்கு பயந்து பயந்து, ஒவ்வொரு வார்த்தையா பார்த்து எழுதினேன்."

"வண்டி போயிடும்னு பயமா?"

"ஆமாம்."

அம்மா ஒரு வெள்ளைச் சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தார். "அடுத்த வாட்டி எனக்கும் பயந்தே எழுது" என்றார்.